வீட்ல சேர்ற பிளாஸ்டிக் பாட்டில், டப்பா எல்லாம் வெச்சு குழந்தைங்களோட என்ன கிராஃப்ட் செய்யலாம்?

பென் ஸ்டாண்டு, பூ, ராக்கெட்னு ஐடியா லிஸ்ட் வேணும்னா யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, அதை நான் திரும்ப சொல்லல. நான் சொல்றது ஒண்ணுதான், பசையை எடுத்து ஓரமா வெச்சுடுங்க. ஓட்டை போட்டு நூலால கட்டுறது, மூடியை திருகி மாட்டுறது, வெட்டி சொருகுறது, இந்த மூணை வெச்சே என்ன வேணா பண்ணலாம்.

ஏன்னா குழந்தைங்க கையில நாம குடுக்குற வெள்ளை பசை பேப்பருக்கும் அட்டைக்கும்தான் சரி. அதுல இருக்குற தண்ணி உள்ள இறங்கி காஞ்சாத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் தண்ணியை உறிஞ்சாதே. டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள பிளாஸ்டிக் எந்த வகைன்னு சொல்ற ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது 2 அல்லது 5னு இருந்தா சூப்பர் க்ளூ கூட சரியா நிக்காது, பெயின்ட் அடிச்சாலும் ரெண்டு நாள்ல தோலா உரிஞ்சு வரும். புள்ள மாங்கு மாங்குனு உக்காந்து ஒரு ரோபோ பண்ணி ஆசையா தூக்கும்போது கை தனியா கழண்டு விழுந்தா அப்புறம் வீடு ரெண்டாகிடும். நூல்ல கட்டினது அப்படி விழாது.

ஓட்டைக்கு பேப்பர் பஞ்ச் பண்ற சின்ன மெஷின் போதும், அந்த ஒத்தை ஓட்டை போடுறது, மெல்லிசான தண்ணி பாட்டில் சுவரை அழகா துளைக்கும், கொஞ்சம் பெரிய குழந்தைன்னா அதுங்களே அழுத்திக்கும். மூடிக்கு மட்டும் பலகை மேல வெச்சு ஆணி அடிச்சு நான் போட்டுக் குடுத்துடுவேன். சிலர் ஆணியை அடுப்புல காய வெச்சு குத்துறாங்க, வேண்டாங்க, புகை வரும், அதுவும் 3ம் நம்பர் பிளாஸ்டிக் கருகினா அமில வாயு வரும்.

எங்க வீட்ல ஹிட்டான டெக்னிக் எதுன்னா பாட்டில் கழுத்துதான். கழுத்தோட மேல் பகுதியை வெட்டி எடுத்து, ஒரு டப்பாவுல அந்த அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ள இருந்து கழுத்தை வெளிய நீட்டி வெளிப்பக்கம் மூடியை திருகிட்டா கெட்டியா உக்காந்துக்கும், வேணும்னா கழட்டலாம். ரோபோ கை, வண்டி விளக்கு, கப்பல் புகைபோக்கி எல்லாம் இப்படித்தான். ரெண்டு மூடியை முதுகோட முதுகு வெச்சு ஓட்டை போட்டு கம்பியால கட்டிட்டா ரெண்டு பாட்டிலை இணைக்கிற ஜாயின்டும் ரெடி. ஷாம்பு பாட்டில் இன்னும் வசதி, சாஃப்டா இருக்கும், கத்தரியில வெட்டலாம், துண்டு துண்டா வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி செய்ற மிருக பொம்மைகளுக்கு அதுதான் பெஸ்ட்.

தண்ணி பாட்டிலை வெட்டின ஓரம் கையை கிழிக்கும், அதை விட்டுடாதீங்க. இஸ்திரிப் பெட்டி மேல அலுமினியம் ஃபாயில் வெச்சு ஒரு ரெண்டு செகண்டு ஓரத்தை அழுத்தினா உள்பக்கமா சுருண்டுக்கும் (பெரியவங்க வேலை, ஜன்னல் திறந்திருக்கணும்). அந்த பாட்டிலை சூடு பண்ணி இழுத்து ஊதித்தான் செய்றாங்க, அதனால மறுபடி சூடு பட்டா சுருங்கும். கழுவும்போது கொதிக்கிற தண்ணி ஊத்தினாலும் கோணிடும், வெதுவெதுப்பா போதும். லேபிள் பிசுக்குக்கு எண்ணெய் தடவி ஊற வெச்சு சோப்பு போடுங்க.

கழுவுற வாளியிலயே ஒரு விளையாட்டு இருக்கு. தண்ணி பாட்டில் துண்டையும் மூடி துண்டையும் போட்டு எது முங்கும்னு கேளுங்க. தண்ணி பாட்டில் பிளாஸ்டிக் தண்ணியை விட கனம், முங்கிடும், மூடி மிதக்கும். ரீசைக்கிளிங் ஆலையிலயும் இதே மாதிரி தண்ணியில போட்டுத்தான் பிரிக்கிறாங்கன்னு சொன்னதும் எங்க பெரியவன் வீட்ல இருக்குற எல்லா டப்பாவையும் வெட்ட கிளம்பிட்டான், கிராஃப்டை விட அதுலதான் அவனுக்கு குஷி.

பசை வேணாம்னு சொல்ல இன்னொரு காரணம், எப்படியும் கொஞ்ச நாள்ல சலிச்சுடும். நூலை வெட்டினா பாட்டில் தனி, மூடி தனியா திரும்ப ரீசைக்கிளுக்கு போயிடும். பசை, பெயின்ட், கிளிட்டர்லாம் அப்பின பொருளை யாரும் எடுக்க மாட்டாங்க, இதுல அந்த கிளிட்டரே பெரும்பாலும் பிளாஸ்டிக் தூள்தான்.

பூச்சி மருந்து, டாய்லெட் கிளீனர், பிளீச் வந்த பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் தொடாதீங்க. 3 வயசுக்கு கீழ இருந்தா மூடியே குடுக்காதீங்க, பொம்மை பாதுகாப்பு டெஸ்ட்ல 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள்ள முழுசா அடங்குற எதுவும் தொண்டையில சிக்கலாம்னுதான் கணக்கு, சோடா பாட்டில் மூடி கிட்டத்தட்ட 30தான்.

கலர் வேணும்னு அடம் பிடிச்சா பாட்டிலுக்குள்ள கலர் பேப்பரை கசக்கி அடைச்சு மூடியை போட்டுடுங்க, வெளிய பெர்மனென்ட் மார்க்கரால கண்ணு மூக்கு வரைஞ்சா போதும்.