ஈஎம்ஐ கட்டாதீர்கள் என்று சொல்பவரை நம்பலாமா?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய் வருகிறது. பெர்சனல் லோன் பாக்கி 4 லட்சம், தவணை 13,500. கிரெடிட் கார்டு பாக்கி 1,40,000. மினிமம் தொகை 7,000 கட்டி வருகிறோம். என் பேரில் குழுக் கடன், மாதம் 4,200. வண்டிக் கடன் 3,600. இது போதாதென்று கணவர் மொபைல் ஆப்பில் கடன் வாங்கியிருப்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அதில் பாக்கி 30,000, மாதம் 6,000 போகிறது. வாடகை 9,000. பால், காய்கறி எல்லாம் குறைத்தும் 2,500க்கு மேல் மிச்சமில்லை. தினமும் சண்டை. "எல்லா ஈஎம்ஐயையும் நிறுத்துங்கள், பாதிப் பணத்தில் செட்டில் செய்து தருகிறோம்" என்று ஒரு ஏஜென்ட் 35,000 கேட்கிறார். கணவர் அவரிடம் இரண்டு வெற்று செக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஆறு பவுன் நகை இருக்கிறது. என்ன செய்யலாம்? அவர் வாங்கிய கடனுக்கு நானும் பொறுப்பா?

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலை கணவரோடு வங்கிக்குப் போய், அந்த இரண்டு செக் எண்களையும் எழுதிக் கொடுத்து, பணம் தர வேண்டாம் என்று நிறுத்தி வையுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே அந்த ஏஜென்ட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: 'உங்களுக்கு நாங்கள் எந்தக் கடனும் பாக்கி இல்லை, செக்குகளைத் திருப்பித் தாருங்கள்.' வெற்று செக்கில் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம். அது திரும்பி வந்தால் செக் மோசடி வழக்கு என்று மிரட்டுவார்கள். 35,000 ரூபாயைவிட எனக்கு அதிகம் கவலை தருவது அந்த இரண்டு தாள்கள்தான்.

இந்த ஏஜென்ட்டுகள் செய்வது என்ன என்று பாருங்கள். முதலில் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். அடுத்து உங்களைத் தவணை கட்டவிடாமல் நிறுத்துவார்கள். ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பும், அதற்கு ஒரு அபராதம், தாமதக் கட்டணம் தனி. 90 நாள் தாண்டினால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு பெரும்பாலும் வங்கி தானாகவே செட்டில்மென்ட் பேச வரும். அதற்கு நடுவில் ஒரு ஆள் தேவையே இல்லை. அவர் அனுப்பும் 'வக்கீல் நோட்டீஸ்' வங்கியை ஒரு நாள்கூட நிறுத்தாது. கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்தது. எச்சரித்ததோடு சரி. அதே விளம்பரங்கள் இன்றும் உங்கள் மொபைலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

செட்டில்மென்ட்டே தப்பா என்றால், இல்லை. வேலை போய்விட்டது, அல்லது சம்பாதிப்பவர் படுத்த படுக்கையாகிவிட்டார், விற்கவோ அடகு வைக்கவோ எதுவும் இல்லை. அப்படி ஒரு நிலைமையில் அதுதான் வழி. அப்போதும் நீங்களே வங்கியோடு பேச வேண்டும். எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், எந்தத் தேதிக்குள் என்பதை வங்கி தன் கடிதத்தாளில் தர வேண்டும். வசூலுக்கு வரும் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்புவது கடிதம் ஆகாது. பணத்தை அந்தக் கடன் கணக்கிலேயே கட்ட வேண்டும், யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்பக் கூடாது. கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டியது) என்றுதான் விழும், 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று விழாது. பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். மாதம் 58,000 வருகிற, கையில் ஆறு பவுன் இருக்கிற குடும்பம் அந்தப் பேரைத் தானே போய் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். தவணைகள் மட்டும் 34,300, வாடகையும் சேர்ந்தால் 43,300. மிச்சம் 14,700 ரூபாயில் சாப்பாடு, மின்சாரம், பெட்ரோல், மருந்து எல்லாம் நடக்க வேண்டும். இதில் பாலைக் குறைத்து என்ன ஆகப் போகிறது? கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 1,40,000 ரூபாய்க்கு 4,900. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 882. ஆக நீங்கள் கட்டும் 7,000 ரூபாயில் 5,782 வட்டிக்கும் வரிக்குமே போகிறது, அசல் 1,200 ரூபாய்தான் குறைகிறது. பாக்கி வைத்திருக்கும்வரை அதே கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பில்லில் மினிமம் தொகையைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இதை மட்டும் கட்டினால் கடன் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்பதை யாரும் அப்படிப் போடுவதில்லை. பத்து நிமிஷத்தில் கார்டு விற்கத் தெரிந்த வங்கிக்கு, கட்ட முடியவில்லை என்று வந்து நிற்பவரிடம் பேச மட்டும் ஆளில்லை. கால்சென்டர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்துக் கோபம்தான் வருகிறது.

நகை உங்களுடையது. அதை வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, கணவரோ மாமியாரோ எடுக்கும் முடிவல்ல. வைப்பதாக இருந்தால் உங்கள் பேரிலேயே, அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். அங்கே ஆண்டுக்கு 9, 10 சதவீத வட்டியில் நகைக் கடன் கிடைக்கும். கார்டு, ஆப் இரண்டையும் அடைக்க 1,70,000 வேண்டும். இன்றைய விலையில் மூன்று, நான்கு பவுன் போதும். இதற்கு மாத வட்டி சுமார் 1,400. இப்போது இரண்டுக்கும் சேர்த்து 13,000 கட்டுகிறீர்கள். அதில் 10,000 ரூபாயை மாதாமாதம் நகைக் கடனில் கட்டினால் சுமார் ஒன்றரை வருஷத்தில் நகை திரும்பிவிடும், 3,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு மிஞ்சும். தவணை முறையில் தரும் நகைக் கடனாகக் கேளுங்கள். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், அந்த நேரத்தில் கையில் பணம் இருக்காது, மறுபடி திருப்பி வைக்கச் சொல்வார்கள்.

கார்டு பாக்கியை அடைத்த அன்றே கார்டை ரத்து செய்யுங்கள். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் கார்டும் நிறைந்திருக்கும், நகையும் அடகில் இருக்கும். கார்டைத் தேய்த்து ரொக்கம் தருகிறோம் என்று கமிஷன் பிடிக்கும் கடைகளுக்குள் கால் வைக்காதீர்கள். எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கித் தருகிறேன் என்று வரும் லோன் ஏஜென்ட்டிடம் வட்டி 'ஃபிளாட்'டா, அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாமல் கடைசிவரை முழுத் தொகைக்கும் போடுவதா என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட் என்றால் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல்.

ஆப் கடனில் இன்னொரு விஷயம். கொடுத்தவர் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்க அந்தச் செயலிக்கு அனுமதி கிடையாது. உறவினருக்குப் போன் செய்து மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுங்கள். யார் வசூலுக்கு அழைத்தாலும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. வங்கியின் மேல் குறை இருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகுதான் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். அந்த 30 நாளில் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் கடனுக்கு நீங்கள் பொறுப்பா? கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாதவரை இல்லை. மனைவி என்பதற்காக யாரும் உங்களிடம் கேட்க முடியாது. பெர்சனல் லோன் தாள்களை எடுத்து உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். குழுக் கடன் உங்கள் பேரில் இருப்பதால் அது உங்கள் பொறுப்பு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் இப்படிக் குழுவில் தரும் நுண்கடன் என்பது விதி. உங்கள் வருமானம் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். படிவத்தில் என்ன எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள், அடுத்த சுற்றுக் கடன் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுச் செலவில், பால் காய்கறியை மறுபடி வாங்கத் தொடங்குங்கள். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய், விடாமல் வாங்குங்கள். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும்.

கணவர் மறைத்தது உங்களுக்கு வலித்திருக்கும். அதைப் பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் கணக்குப் பார்க்கும் நேரத்தில் வேண்டாம். இருவரும் சிபில் அறிக்கையை எடுங்கள், வருஷத்துக்கு ஒன்று இலவசம். வேறு கடன் ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு, மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் நிதி ஆலோசனை மையம் எங்கே என்று கேட்டு, இருவருமாகப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது.