மாவுக்கட்டு போட்ட பிறகும் ஏன் வலிக்கிறது?

உடைந்த எலும்பின் இடைவெளியில் முதலில் ரத்தம் உறைந்து, 2, 3 வாரத்தில் மெத்தென்ற இணைப்பு வளரும். பிறகு அது இறுகி எலும்பாகும். எலும்பு கூடுவது என்பது இதுதான்.

முதல் சில நாள் வலிக்குப் பெரிய காரணம் வீக்கம். கையைத் தொங்கவிடாமல் தலையணை அடுக்கி நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். மாத்திரை டாக்டர் சொன்னபடி, பெரும்பாலும் முதலில் பாராசிட்டமால்தான். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், தளம் மேலே காய்ந்துவிட்டாலும் அதை அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகையை உடனே பிரிக்க மாட்டார்கள். மாவுக்கட்டும் அப்படித்தான், வலி நின்றாலும் உடனே பிரிக்கக் கூடாது.

கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய் விரல் மரத்துப்போனால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வலி நின்றதும் எலும்பு கூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, வலி முன்னாலேயே அடங்கிவிடும். மணிக்கட்டுக்கே சுமார் 6 வாரம் கட்டு வேண்டும்.