பசியைக் கேட்டுப் பரிமாறுவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் காரைக்குடியில் வசிக்கிறேன். கைபேசியில் ஓர் ஆயுர்வேத வினாப்பட்டியலை நிரப்பியபோது, என்னுடையது பித்த உடல் என்று வந்தது. அதை நம்பி மிளகு, சுக்கு, புளி எல்லாவற்றையும் மூன்று மாதங்களாக விலக்கிவிட்டேன். நெஞ்செரிச்சல் குறைந்தது; ஆனால் இப்போது பசியே எடுப்பதில்லை, காலையில் உண்டது மாலை வரை வயிற்றில் கல்லாக நிற்கிறது. மாமியார் மனம் வருந்துகிறார். செட்டிநாட்டுச் சமையல் ஆயுர்வேதத்துக்கு ஆகாததா?

வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

எரிச்சல் இருந்தபோது காரத்தைக் குறைத்தது சரி. எரிச்சல் தணிந்த பிறகும் ‘பித்த உடல்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு அதே பத்தியத்தைத் தொடர்ந்ததுதான் பிழை. பிறவியில் அமைந்த உடல்வாகைப் பிரகிருதி என்றும், இன்று அதில் நேர்ந்திருக்கும் மாறுபாட்டை விகிருதி என்றும் ஆயுர்வேதம் பிரித்துப் பேசுகிறது. மருந்தும் பத்தியமும் பெரும்பாலும் இரண்டாவதற்கே. அது பருவத்தோடும் வயதோடும் உண்ணும் உணவோடும் மாறிக்கொண்டே இருப்பது.

வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையே எல்லோரும் பேசுகிறார்கள். அக்கினியை, அதாவது செரிமானத் தீயைப் பேசுவோர் குறைவு. எனக்கு அதுவே இந்த மருத்துவத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் இந்தத் தீயை நான்காகச் சொல்கிறது: ஒருநாள் செரித்து மறுநாள் செரிக்காமல் அலைக்கழிப்பது விஷமம், வாதத்தால் வருவது; போட்டதையெல்லாம் விரைந்து எரிப்பது தீட்சணம், பித்தத்தால் வருவது; கொஞ்சம் உண்டாலும் கனத்துக் கிடப்பது மந்தம், கபத்தால் வருவது; உண்டது உரிய நேரத்தில் செரிப்பது சமம். உங்கள் கடிதத்தில் இருப்பது தீட்சணத்தில் தொடங்கி மந்தத்துக்கு வந்த கதை. செரியாமல் தேங்குவதை ‘ஆமம்’ என்பார்கள். பல நோய்களுக்கு வேர் அதுவே என்பது அவர்கள் கணக்கு.

காரம் என்றாலே பித்தம் என்பதும் முழுமையான பேச்சல்ல. ஆயுர்வேதத்தின் பழம்பெரும் ஆசிரியர்களான சரகரும் சுசுருதரும் எழுதிய காலத்தில் இங்கே மிளகாய் கிடையாது. அது போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அந்த ஆசிரியர்கள் பெரிதும் பேசிய காரம் சுக்கும் மிளகும் திப்பிலியும்தான். அவற்றிலும், நாக்கில் காரமான சுக்கு வெப்பம் தரும் பொருளாக இருந்தும், செரித்த பின் இனிப்பாக முடிகிறது என்பார்கள். இந்த முடிவுக்கு விபாகம் என்று பெயர். பச்சைத் திப்பிலி கபத்தைக் கூட்டும், அதுவே உலர்ந்தால் கபத்தைத் தணிக்கும். சுவையை மட்டும் பார்த்துப் பொருளை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆகாதது உங்கள் வீட்டுச் சமையல் அல்ல. விருந்தின் அளவையும் காரத்தையும் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தால்தான் எந்தச் சமையலும் ஆகாததாகிறது. எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் இலை போடுமுன், “பசிச்சுச்சாப்பா, இல்ல மணியாயிருச்சுன்னு வந்தியா?” என்று கேட்பார், மணியாகிவிட்டது என்றால் சோற்றைக் குறைத்து, மிளகு ரசத்தை மட்டும் ஊற்றுவார். முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணச் சொல்லும் “அருந்தியது அற்றது போற்றி உணின்” என்ற குறளை அவர் படித்ததில்லை. வயிற்றின் இரண்டு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் கொடுத்து, மீதி ஒரு பங்கைக் காற்றுக்கு விடு என்ற வாக்படரின் கணக்கும் அவருக்குத் தெரியாது.

ஆனாலும் பசியே எடுப்பதில்லை என்பதைக் கைவைத்தியத்தோடு விட்டுவிட வேண்டாம். முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆயுர்வேதம் வேண்டுமென்றால், ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பதிவு பெற்ற வைத்தியரிடம், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளையும் சொல்லி, நாடி காட்டுங்கள்.

எரிச்சல் திரும்பாத வரையில், மாமியார் வைக்கும் ரசத்தைச் சிறிதளவில் மீண்டும் தொடங்கலாம். அவர் சுக்கு சேர்ப்பவரானால், இடிக்குமுன் மேல்தோலைச் சீவிவிடச் சொல்லுங்கள். “சுக்குக்குப் புறணி (மேல்தோல்) நஞ்சு, கடுக்காய்க்கு அகணி (உள்கொட்டை) நஞ்சு” என்ற பழமொழியை அவரே உங்களுக்கு முந்திச் சொல்லக்கூடும்.