அகதா கிறிஸ்டி: விஷம் தெரிந்த கை

கேள்வி: ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி. இவர் கதைகளில் ஏன் இத்தனை விஷம்?

பதில்: அது அவர் பார்த்த வேலை. முதல் உலகப் போரின்போது சொந்த ஊரான டார்க்கீயில் நர்ஸாக இருந்து, பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்குப் போனார். அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்தாளுநர் ஒருநாள் தசமப் புள்ளியை மாற்றிப் போட்டுவிட்டார். மருந்தின் வீரியம் பத்து மடங்கு! சொன்னால் அவர் ஏற்கமாட்டார். அதனால் அகதா கால் தடுக்கியதுபோல் மருந்தைக் கீழே தள்ளி, மிதித்தும் விட்டார். அதே மனிதர் குராரே என்ற விஷத்தை எப்போதும் பையிலேயே வைத்திருந்தார். அது தனக்குப் பலம் தருகிறது என்பாராம். 1961-இல் 'தி பேல் ஹார்ஸ்' நாவலை எழுதும்வரை அந்த மனிதர் அகதாவின் நினைவில் இருந்தார்.

கேள்வி: முதல் நாவல் உடனே வெளிவந்ததா?

பதில்: இல்லை. போர்க்காலத்தில் எழுதியது, பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1920-இல்தான் அச்சேறியது. மருந்தாளுநர்களின் இதழ் ஒன்று, விஷத்தைச் சரியாகக் கையாண்டிருக்கிறார் என்று பாராட்டியது. அவருக்கு அதில் தனிப் பெருமை.

கேள்வி: அவர் நாவல் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் 'தி பேல் ஹார்ஸ்' படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்த குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ், முடி கொட்டுவதைக் கவனித்து, அதில் வரும் தாலியம் என்ற விஷமாக இருக்குமோ என்றார். சோதித்தால் அதேதான். குழந்தை பிழைத்தது. அகதா முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இதை அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: 1926-இல் காணாமல் போனது விளம்பரத்துக்கா?

பதில்: நான் அப்படி நம்பவில்லை. அந்த வருடம்தான் அம்மா இறந்தார். கணவரோ வேறொரு பெண்ணை விரும்பி விவாகரத்து கேட்டார். டிசம்பர் 3 இரவு கிளம்பியவரின் கார் சர்ரேயில் அநாதையாகக் கிடந்தது. 11 நாள் கழித்து ஹாரோகேட் ஹோட்டலில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரில் அறை எடுத்திருந்தார். சுயசரிதையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடைந்துபோன மனுஷியை விளம்பரப் பிரியராக்குவது நியாயமில்லை.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', 1942. ஓர் ஓவியர் விஷத்தால் இறந்து 16 வருடம் ஆகிவிட்டது. தடயம் எதுவும் மிச்சமில்லை. ஐந்து பேரின் ஞாபகத்தை மட்டும் வைத்து, அகதா படைத்த துப்பறிவாளர் பாய்ரோ துப்பறிகிறார்.