ஜோடியாக முதல் மாரத்தான்: வாசகர் கேள்விகள்

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. முதல் முறை ஃபுல், அதாவது முழு 42.195 கி.மீ. ஓடத் துணிந்த தம்பதிகள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

என் கணவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுவார்; எனக்கு 7 ஆகும். கடைசிவரை சேர்ந்தே ஓட ஆசை. நடக்குமா? (வேளச்சேரி வாசகி)

நடக்கும். ஆனால் வேகம் உங்களுடையதாக இருக்க வேண்டும். 6-ல் ஓடினால் 42.195 கி.மீ. முடிக்க ஏறக்குறைய 4 மணி 13 நிமிடம். 7-ல் ஓடினால் 4 மணி 55 நிமிடம். உங்களோடு வந்தால் அவருக்கு 42 நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அவர் வேகத்துக்கு நீங்கள் போனால், 30 கி.மீ. தாண்டியதும் கால் எழாது.

ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை (வாரத்தின் நீண்ட தூர ஓட்டம்) உங்கள் வேகத்தில் சேர்ந்து ஓடுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. அவருடைய வேகப் பயிற்சி வார நாட்களில் தனியாக நடக்கட்டும்.

இன்னொன்று. வேகமாக ஓடுபவர் தன்னை அறியாமலேயே அரை அடி முன்னால் போய்விடுவார். பின்னால் வருபவர் அந்த அரை அடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தே களைத்துப் போவார். எனக்கும் என் கணவருக்கும் இது புரியவே இரண்டு மாதம் ஆயிற்று. தோளோடு தோளாக ஓடச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் நீங்கள் முன்னால் போங்கள்.

வீட்டில் 4 வயதுக் குழந்தை. இருவரும் ஒரே நேரத்தில் எப்படிக் கிளம்புவது? (கோவை வாசகர்)

ஒருவர் சனி, ஒருவர் ஞாயிறு. 16 வாரப் பயிற்சியில் நான்கைந்து முறை சேர்ந்து ஓடினாலே போதும். அந்த நாட்களுக்கு மட்டும் பாட்டியையோ சித்தியையோ வரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை சண்டை வருவது ஓட்டத்தால் அல்ல, ஓட்டத்துக்குப் பிறகு. 28 கி.மீ. ஓடி வந்தவர் மதியம் முழுக்கத் தூங்க, சமையலும் குழந்தையும் மற்றவர் தலையில் விழும். அன்றைய சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முந்தைய இரவே பேசிவிடுங்கள்.

பாதி வழியில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் விட்டுவிட்டுப் போகலாமா? (மதுரை வாசகி)

இதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சாலையில், களைப்பில் எடுக்கும் முடிவு மனதைப் புண்படுத்தும். உடலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் (மாவுச்சத்துச் சேமிப்பு) பலருக்கு 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகிறது, அப்போது எரிச்சலும் அழுகையும்கூட வரும். 30 வரை சேர்ந்து போவது, பிறகு தெம்பிருப்பவர் போகலாம் என்பதே நான் சொல்லும் ஏற்பாடு. பேச்சு குளறினால், தலை சுற்றினால், தள்ளாடினால் மட்டும் அந்த ஏற்பாடு செல்லாது. உடனே நின்று மருத்துவ உதவியாளரை அழையுங்கள், துணையை விட்டு நகராதீர்கள்.

பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய முதல் பெண் கேத்ரின் ஸ்விட்சர். பெண்கள் ஓடக் கூடாது என்றிருந்த 1967-ல் அவரை ஒரு அதிகாரி பிடித்து இழுத்தபோது, கூட ஓடிய காதலர் அந்த அதிகாரியை இடித்துத் தள்ளினார். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அப்புறம் அந்தக் காதலர் கோபத்தில் முன்னால் ஓடிப்போய்த் தளர்ந்துவிட்டார். கேத்ரின் அவரைக் கடந்து போய் ஓட்டத்தை முடித்தார். பிரிந்து முடிப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

ஓடும்போது எதைச் சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர்? (திருச்சி வாசகர்)

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: வாழைப்பழம், பேரீச்சை, ஓட்டக்காரர்களுக்கான எனர்ஜி ஜெல், எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காததைப் பந்தயத்தன்று தொடாதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். துணைக்கு வேண்டியதைத் துணையே தீர்மானிக்கட்டும். வற்புறுத்திக் குடிக்க வைக்காதீர்கள்.

பந்தயத்துக்கு இன்னும் 3 வாரம். என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலி. எனக்காக மறைத்துக்கொண்டு ஓடுகிறார். (சேலம் வாசகி)

இன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் தசைவலி இரண்டு மூன்று நாளில் போகும். எலும்பில் ஒரே புள்ளியில் வலி என்றால் நுண்முறிவாக (மெல்லிய விரிசல்) இருக்கலாம். அதன் மேல் 42 கி.மீ. ஓடக் கூடாது. அவர் மறைப்பது, தான் விலகினால் நீங்களும் விலகிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான். நீங்கள் ஓடத்தான் போகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பந்தயத்தன்று அவர் 35-வது கிலோமீட்டரில் வாழைப்பழத்தோடு நிற்கட்டும். தெரிந்த முகம் ஒன்று மிகவும் தேவைப்படும் இடம் அது.