விற்பனை ஏறுகிறது, கல்லாவில் பணம் நிற்கவில்லை: கார் ஆடியோ கடைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கார் ஆடியோ கடை வைத்து 3 வருடம் ஆகிறது. ஃபிட்டர்கள் இருவர். விற்பனை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் சப்ளையருக்குப் பணம் கட்டும் தேதி வந்தால் கையைப் பிசைகிறேன். ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசுபவர்களுக்கு 10 சதவீதம் குறைத்து, ஃபிட்டிங்கும் இலவசமாகச் செய்து தருகிறேன். கடன் வாங்கிச் சரக்கைக் கூட்டினால் நிலைமை சரியாகுமா?

பதில்: ஆகாது, இன்னும் இறுகும். சப்ளையர் தரும் தவணை 30 நாள், சரக்கு ஷெல்ஃபில் கிடப்பது சராசரியாக 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள 90 நாளையும் உங்கள் பணம்தான் சுமக்கிறது. விற்பனை இரட்டித்தால் அந்தச் சுமையும் இரட்டிக்கும். வியாபாரம் வளர வளரக் கல்லா காலியாவது இதனால்தான். கடன் வாங்கினால் அந்த 90 நாளுக்கு வட்டியும் சேரும்.

10 சதவீதத் தள்ளுபடி சின்ன விஷயமாகத் தெரியும். 100-க்கு வாங்கிய செட்டை 125-க்கு விற்றால் லாபம் 25. தள்ளுபடி கணக்காவதோ 125 மீது: 12.50. ஆக, பாதி லாபம் போயிற்று. பழைய லாபத்தைப் பிடிக்க இரண்டு மடங்கு செட் விற்க வேண்டும். பொருத்துவதற்கு அதே இரண்டு பேர்தான். பெட்டி விலையில் ஆன்லைனோடு மோதாதீர்கள். அங்கே கிடைக்காத சரக்கு உங்கள் ஃபிட்டர்களின் நேரம். அதைத்தான் இலவசமாகக் கொடுக்கிறீர்கள்!

இருவர், தினம் 8 மணி நேரம், 25 நாள் என்றால் 400 மணி நேரம். கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) தேடுவது, வண்டியை மாற்றி நிறுத்துவது, விலை சொல்வது எல்லாம் போக, பில்லில் ஏறுவது 250 தேறினால் நல்லது. வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி, உங்களுக்கான சம்பளம் (பலர் இதை விட்டுவிடுவார்கள்) அத்தனையையும் கூட்டி 250-ஆல் வகுங்கள்; அதுதான் ஒரு மணி நேரச் செலவு. 400-ஆல் வகுத்துக் கூலி வைத்திருந்தால், உண்மையான செலவு அதைப்போல் 1.6 மடங்கு. வந்த விடையின் மேல் லாபம் வைத்து, வண்டி மாடல்வாரியாக ரேட் கார்டு அடித்து மாட்டுங்கள். வெளியில் வாங்கிய செட்டோடு வருபவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். கூலியைக் கொஞ்சம் கூட்டி வாங்கி, செட்டின் வாரண்டி கடையைச் சேராது என்று பில்லிலேயே எழுதிவிடுங்கள்.

இந்த நேரத்தை அதிகம் தின்பது திரும்பி வரும் வண்டிதான். 2 மணி நேரத்து ரீவொர்க் என்றால் கூலியில்லாத 2 மணி நேரமும் போச்சு, அப்போது செய்திருக்க வேண்டிய வேலையும் போச்சு. வழக்கமான புகார், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் விசில் சத்தம். பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த் போல்ட்டை (நெகட்டிவ் வயரை வண்டி பாடியோடு இணைப்பது) முடுக்கியிருப்பார்கள், அல்லது பவர் கேபிளோடு ஆர்சிஏ கேபிளையும் (பாட்டு சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோவது) ஒரே பக்கமாக இழுத்திருப்பார்கள். அடுத்தது, சத்தம் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் கட் ஆவது. 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் 90 ஆம்பியர் வரை இழுக்கும்; மலிவான அலுமினியக் கேபிள் அதைத் தாங்காமல் வோல்ட்டேஜை விழ வைக்கும். டெலிவரிக்கு முன் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்ளிஃபயர் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் பிடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டி உள்ளே வரும்போதே டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்குகளையும் கீறல்களையும் படம் எடுத்து வைத்தால், பிறகு வரும் வீண் சண்டை மிச்சம்.

சரக்குக்கு வருவோம். ஒவ்வொரு பெட்டியிலும் வாங்கிய தேதியை ஒட்டுங்கள். 90 நாள் தாண்டியதை டெமோவுக்கு மாட்டுங்கள், 180 நாள் தாண்டியதை வாங்கிய விலைக்கே தள்ளிவிடுங்கள். டச் ஸ்கிரீன் செட்டில் புது மாடல் வந்ததும் பழையதற்கு மதிப்பு இறங்கும்; காத்திருந்து பயனில்லை. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், கேபிள், ஃபியூஸ், டேம்பிங் ஷீட் (கதவின் அதிர்வை அடக்க ஒட்டுவது) கையில் இருக்கட்டும். ஒரே வண்டி மாடலுக்குப் பொருந்தும் ஃப்ரேமையும் (டேஷ்போர்டில் செட்டைப் பொருத்தும் சட்டம்) பெரிய சப்வூஃபரையும் 50 சதவீத அட்வான்ஸ் வாங்கிய பிறகே ஆர்டர் போடுங்கள். அந்த அட்வான்ஸ் வாடகைக்குப் போகாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

கடன் வாங்கும் நேரமும் வரும். புது ரேட்டிலும் ஃபிட்டிங் புக்கிங் இரண்டு வாரத்துக்கு நிரம்பியே இருந்து, அது மூன்று மாதம் நீடித்தால், மூன்றாவது ஃபிட்டருக்கான இடத்துக்கும் கருவிகளுக்கும் வாங்குங்கள். அவர் சம்பளம் போக அவரால் கூடுதலாக வரும் கூலியில் பாதிக்குள் மாதத் தவணை அடங்க வேண்டும்.