மலைமுகட்டுப் படிகளும் நிலநடுக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கைக்கோள் படங்களில் சில உயர்ந்த மலைமுகடுகளை ஒட்டி, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் படிகளைக் கண்டேன். அவற்றின் செங்குத்து முகம் பள்ளத்தாக்கைப் பாராமல் முகட்டைப் பார்த்து நிற்கிறது. இவை பழைய நிலநடுக்கங்களின் தடயங்களா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படியின் முகம் எந்தப் பக்கம் என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். மிக முக்கியமான தடயம் அது. மலைச்சரிவு தன் எடையாலேயே ஆழத்திலிருந்து மெல்ல நகரும்போது, மேற்பகுதியின் செங்குத்தான பாறைப் பாளங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்கின்றன. அப்போது கீழ்ப்பக்கப் பாளம் தன் மேல்பக்கப் பாளத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால், முகட்டை நோக்கிய படி உருவாகிறது. பனியுக முடிவில் பனியாறுகள் உருகி, பக்கவாட்டு முட்டு நீங்கிய பள்ளத்தாக்குகளில் இவ்வகைப் படிகளைப் பரவலாகக் காணலாம். இதற்கு நிலநடுக்கம் கட்டாயமில்லை.

ஆயினும் நிலநடுக்கத்தை ஒதுக்கிவிட இயலாது. அதிர்வலைகள் குறுகிய முகட்டில் பெருகுவதால் அடிவாரத்தைவிட உச்சி கடுமையாகக் குலுங்கக்கூடும். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் 6.9 அளவில் நிகழ்ந்த லோமா பிரீட்டா நிலநடுக்கத்தில், ஆழத்தில் நகர்ந்த நிலப்பிளவு, அதாவது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் முறிவு, தரைக்குத் தெளிவாக வெளிப்படவில்லை. சாந்தா குரூஸ் மலைகளின் முகடுகளிலோ பெரும் விரிசல்கள் திறந்தன. அவற்றில் பல, குலுக்கத்தால் சரிவுகள் விலகியதன் விளைவு என்றே கருதப்படுகின்றன.

இத்தாலியின் வெட்டோரே மலை இதற்கு மறுபக்கம். 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்துக்குப் பின், அங்குள்ள சுண்ணாம்புப் பாறைப் படியின் அடியில், அதுவரை மண் மூடியிருந்த பாறை வெளிறிய பட்டையாகத் தெரிந்தது. மண் சரிந்ததா, பிளவே நகர்ந்ததா என்று வாதம் எழுந்தது. அக்டோபர் 30 அன்று 6.5 அளவில் நிலம் அதிர்ந்தபோது, அதே படியில் நகர்வு சில இடங்களில் ஏறத்தாழ 2 மீட்டரை எட்டியது. பிளவின் பங்கை அதன்பின் மறுப்பது கடினமாயிற்று.

ஆகவே உருவத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. படியின் குறுக்கே குழி வெட்டி, மண் அடுக்குகளைப் படிக்க வேண்டும்: பழைய மண்ணின்மேல் உடைகற்கள் ஆப்பு வடிவில் குவிந்திருந்தால் நகர்வு திடீரென்று நேர்ந்திருக்கலாம், கீழே போகப்போக அடுக்குகளின் சாய்வு சீராகக் கூடினால் மெல்லிய நகர்வே பொருந்தும். திடீர் நகர்வும் தனியே சான்றாகாது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல முகடுகளில் ஒரே காலத்து நகர்வு கிடைத்தால்தான் நிலநடுக்கத்தை உறுதியாகச் சுட்டலாம்.

நீங்கள் கண்ட படிகளின் இரு முனைகளையும் தேடுங்கள். முகடுகளையும் பள்ளத்தாக்குகளையும் ஊடறுத்து, ஓடைகளை இடம்பெயர்த்துச் சென்றால் நிலப்பிளவை ஐயுறலாம். ஒரே சரிவுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்தால், மலையின் எடையே முதல் காரணமாக இருக்கும்.